ஆயில் குடிக்கும் பழைய பிக்கப்பும் கம்பத்துப் பட்டறையும்

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து மலைமேல் இருக்கிற குமுளிக்கு லோடு ஏற்றுகிற பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வண்டி ஆயில் குடிக்கிறது என்று சொன்னதுமே "இன்ஜினை இறக்கிடலாம்" என்பவரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கம்பத்திலிருந்து கூடலூர் போகிற ரோட்டில் ஒரு பட்டறை இருக்கிறது, அங்கே ஒருமுறை காட்டிவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள். பட்டறைக்காரர் பெயரை நெட்டில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், இருக்கிற வேலையையே முடிக்க முடியவில்லையாம். எஸ்டேட் ஜீப்பும் பிக்கப்பும் வரிசையாக நிற்கிற இடத்தில் விசாரித்தால் கைகாட்டிவிடுவார்கள்.

என் வண்டி இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ டீசல் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ இருக்கிறது), பழைய புகைக்கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்4 வண்டி. மீட்டர் 2,80,000 தாண்டிவிட்டது. சின்னமனூர், கம்பம் பக்கம் காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றி குமுளி, கட்டப்பனை, வண்டன்மேடு என்று இறக்குவதுதான் தொழில். ஏறும்போது முழு லோடில் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இன்ஜின் முக்கிக்கொண்டு போகும், இறங்கும்போது கியரில் பிடித்துக்கொண்டே வரும், ஆக சமவெளியில் 2,80,000 ஓடிய வண்டியும் இதுவும் ஒன்றில்லை. கடைசியில் 1000 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் ஆயில் ஊற்றவேண்டிய நிலைமை. சம்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற தொட்டியில், ஆயில் குறைந்தால் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்புக்குக் கிடைக்காமல், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணையும். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் வயிறு எப்படிக் கலங்கும் என்று. சில கம்பெனி மேனுவல்களிலேயே 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் வரை போகலாம் என்று எழுதியிருப்பார்கள், ஆனால் ரிங்கு (பிஸ்டனைச் சுற்றி இருக்கிற வளையங்கள்) நன்றாக இருக்கிற டீசல் பிக்கப் அவ்வளவு குடிக்காது, ஒன்றரை லிட்டர் என்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

தேனிப் பக்கம் ஒரு இடத்தில் முதலில் காட்டினேன். பானெட்டைக்கூடத் தூக்கவில்லை, சைலன்சர் புகையைப் பார்த்துவிட்டு "ஃபுல் இன்ஜின் வேலை, ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்" என்றார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்பது சரி. ஆனால் அந்த ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்று புகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வால்வைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற ரப்பரான வால்வ் சீல் வழியாகப் போகலாம், டர்போ வழியாகப் போகலாம், இன்ஜினுக்குள் சேருகிற காற்றை வெளியே விடுகிற பிரீதர் வழியாகப் போகலாம், ரிங்கு தாண்டி மேலே ஏறலாம். ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு.

அப்புறம்தான் கம்பத்துப் பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்துப்போனது. வண்டியை மட்டமான தரையில் நிறுத்தச் சொல்லி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் விட்டு, ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, மேல் கோடு வரைக்கும் ஆயில் ஊற்றி, கோட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அப்புறம் கீழே நன்றாகக் கழுவிக் காயவைத்து, சம்பு, டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல் மூடி), பின்பக்க ஆயில் சீல் இருக்கிற இடமெல்லாம் முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரைத் தூவினார். "ரெண்டு நாள் லோடு அடிச்சுட்டு வாங்க தம்பி, எங்க ஈரமாகுதுன்னு அதுவே காட்டும்" என்றார். திரும்பிப் போனபோது டேப்பெட் கவர் ஓரத்தில் மட்டும் பவுடர் பழுப்பாக நனைந்திருந்தது, மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவே இருந்தது. அப்படியென்றால் கசிவு கொஞ்சம்தான், மீதி எல்லாம் உள்ளே எரிகிறது. இந்தச் சோதனைக்கு அவர் காசு வாங்கவில்லை.

மேல் கோட்டைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை இங்கே சேர்த்துவிடுகிறேன். எப்படியும் குறையத்தானே போகிறது என்று கோட்டுக்கு மேலே ஊற்றிவைக்கிற டிரைவர்கள் நம் பக்கம் நிறைய. அது கெடுதல். பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கி, அது பிரீதர் வழியாக இழுக்கப்பட்டு இன்னும் அதிகமாக எரியும்.

அடுத்தது பிரீதர். இன்ஜினை ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல், ஓடவிட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே சும்மா வைத்தார். மூடி கொதிக்கிற பானையின் தட்டு மாதிரி ஆடியது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிற காற்று வெளியே போக வழி இல்லாமல் அடைபட்டுக்கிடந்தால் இப்படி ஆகும், ரிங்கு தேய்ந்திருந்தாலும் ஆகும். பிரீதர் குழாயையும் ஆயில் பிரிக்கிற பகுதியையும் கழற்றிக் காட்டினார், உள்ளே தார் மாதிரி அடை. சுத்தம் செய்து, விறைத்துப்போன ரப்பர் குழாயை மாற்றிவிட்டு மறுபடி மூடியை வைத்தார். ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை.

டர்போவிலிருந்து போகிற ஹோஸையும் கழற்றினார். டர்போ தள்ளுகிற காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரின் ஹோஸில் லேசாக எண்ணெய்ப் பூச்சு இருப்பது சகஜம், அதைக் காட்டியே டர்போ போச்சு என்று சொல்லிக் காசு பார்க்கிறவர்கள் உண்டு. என் வண்டியில் பூச்சைவிட அதிகமாகவே இருந்தது. ஆனால் டர்போ தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் அதிகம் இல்லை. இன்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடினால் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்குவது தடைபடும், அப்போது நல்ல டர்போகூட ஆயில் தள்ளும், அதனால் முதலில் பிரீதரைச் சரி செய்து ஓட்டிப் பார்த்துவிட்டு டர்போவைத் தொடலாம் என்றார். டர்போவை மாற்றியிருந்தால் அவருக்கு லாபம்தான். அவர் தொடவில்லை.

இன்டர்கூலரில் ஆயில் தேங்குவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். தேங்கிய ஆயில் ஒரே மூச்சில் உள்ளே போனால் இன்ஜின் தானாகவே எகிறும், சாவியைத் திருப்பினாலும் அணையாது, ஏனென்றால் அது அப்போது டீசலில் ஓடவில்லை. டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். காற்று உறிஞ்சும் வாயைத் தட்டைப் பலகையால் அடைத்தாலும் நிற்கும், கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். மலைப்பாதையில் ஓட்டுகிற ஒவ்வொரு டிரைவருக்கும் இதை வண்டி முதலாளி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

பிரீதர் வேலைக்குப் பிறகு 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குக் கீழே வந்தது. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்த வேலை. அதற்குமேல் குறையவில்லை என்றதும்தான் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று, பார்த்தார். 1, 2, 4 மூன்றும் 26, 27 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). மூன்றாவது மட்டும் 20. சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பார் வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, இது அதைத் தாண்டிவிட்டது. பெட்ரோல் வண்டியில் குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்து ரிங்கா வால்வா என்று பிரிப்பார்கள், டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடமே கொஞ்சம்தான் என்பதால் அதை நம்ப முடியாது என்று சொல்லிவிட்டு, காற்றை உள்ளே ஏற்றி எங்கே கசிகிறது என்று கேட்டுப் பார்த்தார். ஆயில் மூடி வழியாக உஸ்ஸென்று வந்தது. ரிங்குதான்.

அப்போதும் இன்ஜினை இறக்கவில்லை. சிலிண்டர்களை மூடுகிற ஹெட்டை மேலே கழற்றி, சம்பைக் கீழே கழற்றி, பிஸ்டன்களை மேல் வழியாக வெளியே எடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டு மூன்றாவது பிஸ்டனைக் கையில் கொடுத்தார். ஆயில் ரிங்கு கார்பனில் ஒட்டி அசையவே இல்லை, நகத்தால் நெம்பினாலும் வரவில்லை. ரிங்கு வழித்த ஆயில் திரும்பி இறங்குவதற்கு அதன் பின்னால் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அத்தனையும் அடைத்துக் கிடந்தன. ஆயில் வழிக்கப்படாமல் சுவரிலேயே தங்கி எரிந்திருக்கிறது. மற்ற பிஸ்டன்களில் ரிங்கு இறுக்கமாக இருந்தாலும் அசைந்தது.

போரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர் துளையை, கேஜ் விட்டு மேலே, நடுவில், கீழே, குறுக்கும் நெடுக்குமாக அளந்து, அளவை ஒரு பழைய கேஸ்கட் அட்டையில் எழுதினார். அதிகபட்சத் தேய்மானம் 0.05 மில்லிமீட்டர். 0.10 தாண்டியிருந்தால் துளையைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டே ஆகவேண்டும், இதற்குத் தேவையில்லை என்றார். லேசாக ஹோனிங் பண்ணி, அதாவது உள்சுவரை உரசி, குறுக்குக் கோடு விழவைத்தார், புது ரிங்கு உட்கார அந்தக் கோடு வேண்டும். அதற்குப் பிறகுதான் அவருடைய வேலையின் தரம் எனக்கு முழுதாகப் புரிந்தது: சோப்புத் தண்ணீரால் போரைக் கழுவி, துடைத்து, ஆயில் தொட்ட வெள்ளை வேட்டித் துணியால் மறுபடி துடைத்து, துணியில் சாம்பல் நிறம் வராதவரைக்கும் விடவில்லை. ஹோனிங் தூள் கொஞ்சம் தங்கினாலும் புது ரிங்கைத் தின்றுவிடும். புது ரிங்கு ஒவ்வொன்றையும் போருக்குள் விட்டு, வளையத்தின் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டால் பார்த்தார். பிக் எண்ட் பேரிங், வால்வ் சீல், ஹெட் கேஸ்கட், புது ஹெட் போல்ட் எல்லாம் மாற்றி, சரியான அளவுக்கு மட்டும் முறுக்க உதவுகிற டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். கைக்கணக்கில் முறுக்குகிற பட்டறைகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பெரிய விஷயம்.

வால்வ் வேலைக்கு ஹெட்டைத் தேனிக்கு லேத்துக்கு அனுப்பினார், அங்கேதான் தாமதம். சாமான், லேத், லேபர் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயை ஒட்டி வந்தது. ஃபுல் இன்ஜின் வேலைக்குக் கேட்டதில் பாதிகூட இல்லை.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்காது, ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டு விடுங்கள், சீசன் நேரத்தில் லோடு ஒத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய கஷ்டம். போனை எடுக்க மாட்டார். பில் துண்டுச் சீட்டில்தான், கேட்டால்தான் சாமான் வாரியாகப் பிரித்து எழுதுவார், அதனால் கண்டிப்பாகக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டுத் தானாகவே கொடுத்துவிட்டார், அது பாராட்ட வேண்டியது. கேரண்டி வாய்ப்பேச்சுதான். மழை வந்தால் ஒதுங்கி நிற்க இடம் கிடையாது.

வேலை முடிந்ததும் சொன்ன பத்தியமும் முக்கியம். சும்மா ஐடிலில் ஓடவிடாதே, ரிங்கு உட்காராது. முதலில் பாதி லோடில் கம்பம் - தேனி சமவெளி ரோட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டு, அப்புறம் மலை ஏற்று. 1000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று. அதற்குப் பிறகு 15டபிள்யூ-40 ரக ஆயில் போதும். கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் புகை கொஞ்சம் அடங்கும், ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது டர்போவுக்கு ஆயில் போகத் தாமதமாகும், ஒட்டிய ரிங்கையும் அது விடுவிக்காது. டப்பாவில் விற்கிற புகை நிறுத்தும் மருந்துகளும் பெரும்பாலும் ஆயிலைக் கெட்டியாக்குகிறவைதான். சிலவற்றில் விறைத்த ரப்பர் சீலை இளக்குகிற சமாச்சாரம் இருக்கும், வால்வ் சீலுக்குக் கொஞ்சம் உதவலாம், கார்பனில் ஒட்டிய ரிங்குக்கு உதவாது.

இன்னொன்று, மலை ஏறிய சூட்டோடு குமுளி செக்போஸ்ட்டில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிஷமாவது ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும், இல்லையென்றால் டர்போவுக்குள் நிற்கிற ஆயில் வெந்து கரியாகிவிடும். நம் பக்கத்து வண்டிகளில் டர்போ போவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று அவர் அடித்துச் சொல்கிறார், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இப்போது 1000 கிலோமீட்டருக்கு 100, 150 மில்லி போகிறது. சுத்தமாக நிற்கவில்லை. இவ்வளவு ஓடிய இன்ஜினுக்கு இது போதும், ஏற்றத்தில் இழுவையும் திரும்பியிருக்கிறது. இன்டர்கூலர் ஹோஸை மறுபடி கழற்றிப் பார்த்தபோது வெறும் பூச்சுதான், டர்போ தப்பித்தது.

புதிய புகைக்கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்6 வண்டிக்காரர்கள் மட்டும் போவதற்கு முன்னால் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் சைலன்சர் பக்கம் புகைக்கரி வடிகட்டி இருக்கும், ஆயில் எரிந்த சாம்பல் அதை அடைத்துவிடும், அதைப் பார்க்கிற கம்ப்யூட்டர் கருவி அவரிடம் இல்லை. மற்றவர்கள் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், கேரளா நம்பர் ஜீப்புகள் இறங்கி வந்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் அவர் தலை நிமிர மாட்டார்.