துலூம் இடிபாடும் அகுமால் ஆமையும் ஒரே நாளில்: டூர் பஸ்ஸா, கொலெக்டிவோவா, வாடகைக் காரா?

மெக்சிகோவின் கரீபியக் கரையில், கான்கூனிலோ ப்ளாயா டெல் கார்மெனிலோ நாலு நாள் தங்குகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள்: துலூமில் மாயா இடிபாடு, அகுமாலில் கடலாமைகளோடு ஸ்நார்கலிங் (மூச்சுக்குழாயை வாயில் வைத்து, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு மிதப்பது), இரண்டும் ஒரே நாளில். வரைபடத்தைப் பார்த்தால் ரொம்ப எளிது. துலூமுக்கும் அகுமாலுக்கும் நடுவே 25 கி.மீ.தான். ப்ளாயாவிலிருந்து துலூம் 60 கி.மீ. சொச்சம், கான்கூனிலிருந்து 130. எல்லாமே 307ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. நேரம்தான் பிரச்சினை. இரண்டு இடமும் காலையைத்தான் கேட்கின்றன, நம்மிடம் இருப்பதோ ஒரு காலை.

நான் மூன்று விதமாகவும் போய்ப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை டூர் பஸ். இரண்டு வருடம் கழித்து அம்மாவோடு போனபோது ஒரு நாள் கொலெக்டிவோ என்ற ஷேர் வேன், இன்னொரு நாள் வாடகைக் கார். எதில் போவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது: உங்கள் காலையை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள், கல்லுக்கா, ஆமைக்கா?

துலூம் ஏன் காலையைக் கேட்கிறது

துலூம் சின்ன இடம். சிச்சேன் இட்சா என்ற பெரிய மாயா இடிபாட்டைப் பார்த்த கையோடு வருகிறவருக்கு "இவ்வளவுதானா" என்றிருக்கும். மாயா நாகரிகத்தின் பிற்காலத்து ஊர். 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்பானியர் வரும்வரை நன்றாக இருந்தது. மூன்று பக்கம் கல்மதில், நாலாவது பக்கம் 12 மீட்டர் உயரப் பாறை, கீழே கடல். துலூம் என்ற சொல்லுக்கே மதில் என்றுதான் பொருள். 1518இல் ஸ்பானியத் தளபதி ஹுவான் தே கிரிஹால்வாவின் கப்பல்கள் இந்தக் கரையோரமாகப் போனபோது, கூடப் போன பாதிரியார் ஹுவான் தியாஸ் ஒரு பெரிய ஊரைக் கண்டதாகவும் ஸ்பெயினின் செவில் நகரமே அதைவிடப் பெரிதாகத் தெரியாது என்றும் எழுதி வைத்தார். அது துலூமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. கப்பலிலிருந்து பார்த்தவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. உள்ளே நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நின்று பார்க்க வேண்டியவை உண்டு. எல்லோரும் படம் எடுப்பது கடல் விளிம்பில் நிற்கும் பெரிய கட்டடமான எல் காஸ்தியோவை. எனக்குப் பிடித்தது அதன் பக்கத்திலிருக்கும் சின்னக் கோயில். வாசலுக்கு மேலே மாடம், அதில் காலை மேலே தூக்கி, தலைகீழாகக் கீழே பாய்கிற ஓர் உருவம். இறங்கும் தெய்வம் என்கிறார்கள். தேனீக்களோடு தொடர்புடைய தெய்வம் என்று ஒரு கருத்து உண்டு. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கட்டடமே ஏதோ சரியில்லாத மாதிரி தோன்றும். மண் இறங்கிச் சாய்ந்ததில்லை. சுவர் மேலே போகப் போக வெளிப்பக்கம் விரியும்படி வேண்டுமென்றே கட்டியிருக்கிறார்கள். அப்புறம் சுவரோவியக் கோயிலின் மூலைகளைப் பாருங்கள். மூலையின் இரு பக்கத்துக்குமாக ஒரே முகம் மடிந்து கிடக்கும். நடுநடுவே உடும்பு மாதிரி இகுவானாக்கள், காவலுக்கு வைத்ததுபோல அசையாமல்.

இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க நிழல் வேண்டும். துலூமில் நிழல் கிடையாது. கதவு திறப்பது காலை 8 மணிக்கு. பத்துக்கு மேல் கான்கூன் பஸ்களும், கோசுமெல் தீவில் நிற்கும் பயணக் கப்பல்களின் கூட்டமும் வந்து சேரும். பதினொன்றுக்கு அந்தச் சுண்ணாம்புக் கல் வெளியில் நின்றால் கண் கூசும், தலை காயும், ஒரு பலகையைக்கூடப் படிக்கத் தோன்றாது.

இன்னொன்று. இடிபாடு இப்போது ஹாகுவார் பூங்கா என்ற பெரிய வளாகத்துக்குள் இருக்கிறது. தொல்லியல் துறைக்கு ஒரு சீட்டு, பூங்காவுக்கு ஒன்று, இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். எவ்வளவு என்பது அடிக்கடி மாறுகிறது. போன வருடம் யாரோ எழுதிய கணக்கை நம்பி, பெசோவை (மெக்சிகோ நாணயம்) எண்ணி எடுத்துப் போகாதீர்கள்.

ஆமையும் காலையைத்தான் கேட்கிறது

அகுமால் என்றால் மாயா மொழியில் ஆமைகளின் இடம். பெயருக்குக் காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. கரைக்குச் சற்றுத் தள்ளி ஓடும் பவளப்பாறைத் தொடர் அலையை அங்கேயே உடைத்துவிடுகிறது. உள்ளே விரிகுடா குளம் மாதிரி. அந்த அமைதியில் கடல்புல் வளர்கிறது, புல்லை மேய இளம் பச்சை ஆமைகள் வருகின்றன. நம் மன்னார் வளைகுடாவில் பேராமை என்கிறோமே, அதே இனம். இவை முட்டையிட வந்தவை அல்ல, சாப்பிட வந்தவை. அதனால் வருடம் முழுக்க இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தாய் ஆமைகள் இரவில் கரையேறுவது தனிக் கதை. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு "சீசன் முடிந்துவிட்டதா" என்று பலர் கேட்கிறார்கள்.

ஆமை எங்கேயும் போய்விடாது, நண்பகலிலும் இருக்கும். தண்ணீர்தான் அப்படி இருக்காது. பத்தரை மணிக்கு மேல் குழு குழுவாக ஆட்கள் இறங்கிக் காலை உதைக்க, மணல் கிளம்பிப் பார்வை மங்கும். பெரும்பாலான நாட்களில் பகல் ஏற ஏறக் காற்றும் கூடும்.

2016இல் அரசு இந்த விரிகுடாவைக் கடல் உயிரினங்களுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. ஆமைக்குக் கூட்டம் தாங்கவில்லை என்பதே காரணம். இப்போது அவற்றைப் பார்க்க வழிகாட்டியோடு, சின்னக் குழுவாக, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மிதவை கட்டிய எல்லைக்குள் போக வேண்டும். தொடக் கூடாது, துரத்தக் கூடாது. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது. அம்மா சன்ஸ்கிரீன் பூசவில்லை, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தாள். வழிகாட்டிப் பையன் முகர்ந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஷவரைக் காட்டினான். இந்த ஊரே ஒரு காலத்தில் தென்னந்தோப்பு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நீச்சல் தெரியாதவர்களுக்கு அந்த ஜாக்கெட் விதி ஒரு வரம். முகத்தைத் தண்ணீரில் வைத்துப் படுத்தால் போதும், வழிகாட்டி ஒரு மிதவை வளையத்தைப் பிடித்து இழுத்துப் போவார். கீழே மூன்று மீட்டர் ஆழத்தில் ஆமை புல்லைக் கடிக்கிறது. ஒவ்வொரு கடிக்கும் வாயருகே துளி மணல் புகைகிறது. ஓட்டின்மேல் ஒட்டுமீன் ஒன்று. நாலைந்து நிமிடம் கழித்து, வேலைக்கு நடுவே எழுந்து போகிற ஆளைப்போல அவசரமில்லாமல் மேலே வந்து, தலையை நீட்டி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பழையபடி அதே இடத்துக்கு இறங்குகிறது. அம்மா குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மாடு மாதிரியே மேயுதுடா" என்றாள். பாதி உப்புத் தண்ணீரை விழுங்கிவிட்டாள்.

டூர் பஸ்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் வாசலில் ஏற்றி வாசலிலேயே இறக்குவார்கள். ஸ்நார்கல், ஜாக்கெட், சாப்பாடு எல்லாம் அவர்கள் பாடு. துலூமில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இருப்பார்; நல்ல ஆள் வாய்த்துவிட்டால் அதற்கே காசு தகும். எங்களுக்கு வாய்த்தவர் மாயா மொழி பேசும் குடும்பத்துக்காரர். குவாத்தமாலா மலைகளிலிருந்து, கத்தி செய்ய உதவும் எரிமலைக் கண்ணாடிக் கல் தோணியில் இந்தத் துறைக்கு வந்து இறங்கியதை அவர் சொன்னதற்கு முன்னால், துலூம் எனக்கு வெறும் படம் எடுக்கிற இடமாகத்தான் இருந்தது.

கெட்டது, காலை போய்விடும். ஆறரைக்கு எங்களை ஏற்றிய வண்டி இன்னும் ஏழு ஓட்டலுக்குப் போனது. நடுவில் "கழிவறைக்கு" என்று ஒரு நினைவுப் பொருள் கடையில் முக்கால் மணி நேரம். துலூமுக்குப் பத்தேகால், ஆமையிடம் போனபோது மணி இரண்டு. இரண்டு இடத்துக்கும் மோசமான நேரத்தில்தான் போனோம். நுழைவுக் கட்டணம் டூர் காசில் சேராது என்பதும் வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. டூர் எடுப்பதானால் இரண்டு கேள்வி கேளுங்கள்: துலூமில் எத்தனை மணிக்கு இறங்குவோம், எந்தெந்தக் கட்டணம் தனி? இதற்கு நேராகப் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கொலெக்டிவோ

ப்ளாயாவுக்கும் துலூமுக்கும் இடையே ஓடும் வெள்ளை வேன். நம் ஊர் ஷேர் ஆட்டோவின் பெரிய அண்ணன். ஆள் நிரம்பினால் கிளம்பும், கை காட்டினால் நிற்கும், இறங்குமிடத்தைச் சொன்னால் நிறுத்தும். காசைச் சில்லறையாக, பெசோவில் கொடுங்கள். டூர் விலையோடு வைத்துப் பார்த்தால் டீக்காசு. ஓட்டல் வேலைக்குப் போகிறவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து, எட்டு மணிக்கு முன்பே துலூம் விலக்கில் இறங்கிவிட்டோம். அங்கிருந்து ஒரு கி.மீ. நடை. கதவு திறந்தபோது முன்னால் இருபது பேர்கூட இல்லை. பத்துக்கு வெளியே வந்து, சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கை காட்டினால் அகுமால். பதினொன்றுக்குள் தண்ணீரில்.

தொல்லை இல்லாமல் இல்லை. அகுமாலில் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுவார்கள், கடற்கரைக்குப் பத்து நிமிடம் வெயிலில் நடக்க வேண்டும். வழியில் சீருடை மாதிரி சட்டை போட்டவர்கள் மறித்து, இங்கே சீட்டு வாங்காமல் கடற்கரைக்கே போக முடியாது என்பார்கள். மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து. ஆனால் அதற்குப் போகும் வழி தனியார் நிலமாக இருந்தால் அங்கே கட்டணம் உண்டு, ஆமை பார்க்க வழிகாட்டியும் வேண்டும். இந்த அரை உண்மையில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. நேராகக் கடற்கரை வரை நடந்து, அங்கே விலை கேளுங்கள். கான்கூனில் தங்கியிருந்தால் ப்ளாயாவில் வண்டி மாற வேண்டும். கான்கூனிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

வாடகைக் கார்

இணையத்தில் காட்டும் நாள் வாடகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கவுன்ட்டரில் உள்ளூர்க் காப்பீட்டைச் சேர்த்ததும் தொகை வேறாகிவிடும். டோப்பே எனப்படும் வேகத்தடைகள் எச்சரிக்கைப் பலகைகூட இல்லாமல் வரும். பெட்ரோல் போடும்போது மீட்டர் சுழியத்தில் தொடங்குகிறதா என்று நம் ஊரில் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும். துலூம் விலக்கில் கொடி அசைத்து "இதுதான் அரசு பார்க்கிங்" என்பவர்களையும் தாண்டிப் போக வேண்டும்.

இருந்தாலும் முட்டிவலிக்கார அம்மாவோடு போக இதுதான் வசதி. ஈரத் துணியை டிக்கியில் போடலாம். இடையில் யால்-கு என்ற உப்பங்கழியிலோ செனோட்டே எனப்படும் சுண்ணாம்புக் கல் குழிக் குளம் ஒன்றிலோ நின்று போகலாம். நான்கு பேர் என்றால் செலவும் டூரைவிடக் குறைவு. இந்தியக் கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. கார் எடுக்க ஓட்டுநர் உரிமமும் கிரெடிட் கார்டும் கையில் இருக்கட்டும்.

காரின் உண்மையான பலன் வேறு. இடிபாட்டையே மாற்றிக்கொள்ளலாம்.

துலூமை விட்டால்?

துலூமிலிருந்து உள்நாட்டுப் பக்கம் முக்கால் மணி நேரம் ஓட்டினால் கோபா. துலூமைவிடப் பல நூற்றாண்டு மூத்த, பெரிய நகரம். நோஹோச் முல் என்ற பிரமிடு 42 மீட்டர் உயரம். அதைவிட முக்கியம், கோபா காட்டுக்குள் இருக்கிறது. ஒரு கோயிலிலிருந்து இன்னொன்றுக்கு மரநிழலில், பழைய மாயா வெண்பாதைகளின் ஓரமாக, வாடகை சைக்கிளில் போகலாம். துலூமில் மதியம் நிற்க முடியாது, கோபாவில் முடியும். அதனால் ஆமைதான் முக்கியம் என்பவர்கள் காலை அகுமால், மதியம் கோபா என்று வைத்துக்கொள்ளலாம். கோபாவிலும் மூடும் நேரம் உண்டு. இரண்டு மணிக்காவது உள்ளே போய்விடுங்கள்.

கோசுமெல் தீவில் சான் ஹெர்வாசியோ இடிபாடும் பவளப்பாறை ஸ்நார்கலிங்கும் என்று ஒரு ஜோடி விற்கிறார்கள். இஷ்செல் என்ற மாயா பெண் தெய்வத்துக்குப் பெண்கள் தோணியில் யாத்திரை வந்த இடம். கதை அழகு, கட்டடம் தாழ்வு. பாறை அகுமாலைவிடப் பிரமாதம், ஆமை கண்ணில் படுவது மட்டும் அன்றைய அதிர்ஷ்டம். கப்பலில் கோசுமெலுக்கே வந்து இறங்குகிறவர்கள் மட்டும் இதை எடுத்துக்கொள்ளட்டும். சிச்சேன் இட்சாவையும் அகுமாலையும் ஒரே நாளில் சேர்ப்பவர்கள் நாள் முழுக்க வண்டி ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

நான் திரும்பப் போனால்? ப்ளாயாவில் தங்கி, கொலெக்டிவோவில், துலூம் முதலில். வியர்த்து வந்தவனுக்குக் கடல் சுகம். கடலில் நனைந்தவனுக்குச் சுண்ணாம்புக் கல் வெயில் தண்டனை. ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. துலூம் வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீனை அகுமாலில் கழுவச் சொல்வார்கள். அதற்கு முழுக்கை நீச்சல் சட்டை ஒன்றை விடியற்காலையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும், மேலே ஒரு தொப்பி. அம்மா தலைக்கு எண்ணெய் வைக்காமல் வருவாளா என்று தெரியாது.