டேலி சர்டிஃபிகேட்டா, கையில் ஒரு மாதிரிக் கணக்கா?

பி.காம். முடித்து அக்கவுண்ட்ஸ் வேலை தேடுபவர்களுக்கு இன்டர்வியூவில் காட்ட மூன்று வழிகள் உண்டு: டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) கோர்ஸ் சான்றிதழ், ஆடிட்டர் ஆபீஸில் சில மாத அனுபவம், தானே போட்டுப் பார்த்த ஒரு மாதிரிக் கம்பெனிக் கணக்கு. என் ஓட்டு மூன்றாவதற்கு.

சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயோடேட்டாக்களைக் கழித்துக்கட்டும் கட்டத்தில் அது உதவும். பெரிய கம்பெனிகளில் அது இல்லாமல் உள்ளே நுழைவதே சிரமமாக இருக்கலாம். ஆனால் சிறு தொழிற்சாலை, மொத்த வியாபாரக் கடை என்றால் முதலாளி கேட்பது வேறு: "இந்த மாசம் ஜிஎஸ்டி எவ்வளவு கட்டணும்? ஏன் அவ்வளவு?"

அதற்குப் பதில் சொல்லும் காகிதம் ஒன்றுதான்: நம் கொள்முதல் பதிவேட்டுக்கும், சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் ஜிஎஸ்டிஆர் 2பி-க்கும் உள்ள வித்தியாசப் பட்டியல். மாதிரிக் கணக்கில் உழைப்பையெல்லாம் இதில் கொட்டுங்கள்.

டேலி பிரைமை லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் ஓட்டலாம். அதில் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் (கணக்குப் பதிவு) போட முடியும். அதனால் ஜூலை மாதிரி 31 நாள் உள்ள மாதத்தை எடுங்கள். தேதிகள் ஏன் இப்படி என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். 18% வரியில் 25 கொள்முதல் பில், மொத்தம் 2,70,000 ரூபாய்க்குப் பதியுங்கள். உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கொடுத்து, பிறகு நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் தொகை, 48,600. போர்ட்டல் லாகின் இருக்காது என்பதால், 2பி-யை எக்செலில் நீங்களே தயாரிக்க வேண்டும். அதில் வேண்டுமென்றே 43,200 மட்டும் வையுங்கள்.

விடுபட்ட 5,400-ஐ இரண்டாகப் பிரியுங்கள். 20,000 ரூபாய் பில்லுக்கு சப்ளையர் ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனை ரிட்டர்ன்) இன்னும் போடவில்லை: 3,600. 10,000 ரூபாய் பில்லை அதன் சப்ளையர் பி2சி-யில், அதாவது ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாக, போட்டுவிட்டார்: 1,800. முதலாவது, அவர் தாக்கல் செய்த பிறகு தானாக வரும். இரண்டாவது, அவர் திருத்தாதவரை வராது. போன் போட்டுக் கேட்டே ஆக வேண்டும். இரண்டையும் இந்த மாதமே எடுத்து வரிக்குக் கழித்துவிட்டால், பிறகு 18% வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும். முதலாளிக்கு உங்கள் மதிப்பு புரிவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு பிழையையும் ஒளித்து வையுங்கள். பெங்களூர் சப்ளையரின் 50,000 ரூபாய் பில். லெட்ஜரில் மாநிலம் தமிழ்நாடு என்று இருந்ததால், உள்மாநில விற்பனைக்குரிய சிஜிஎஸ்டி 4,500, எஸ்ஜிஎஸ்டி 4,500 என்று விழுந்திருக்கிறது. 2பி-யில் வெளிமாநில விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டி 9,000. கூட்டுத்தொகை பொருந்தும், வரித் தலைப்பு பொருந்தாது. மொத்தத்தை மட்டும் ஒப்பிடுகிறவர் இதைத் தவறவிடுவார். ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கினால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா. பதியும்போதே அதைப் பார்த்திருந்தால் இது வந்திருக்காது என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

மொத்தம் மூன்று தாள் போதும்: வித்தியாசப் பட்டியல், 3பி (மாத வரி கட்டும் ரிட்டர்ன்) கணக்கீடு, ஒரு வங்கி ஒத்திசைவு (நம் கணக்கையும் பாங்க் ஸ்டேட்மென்டையும் ஒப்பிடுவது). லேப்டாப்பைத் திறந்து காட்ட நேரம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

இதில் உள்ள தொல்லை பராமரிப்பு. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு 12%, 28% விகிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பழைய விகிதத்தில் போட்ட கோப்பைக் காட்டினால், கோப்பே இல்லாமல் இன்டர்வியூவுக்குப் போயிருக்கலாம் என்று ஆகிவிடும். சான்றிதழுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ஆடிட்டர் ஆபீஸில் சம்பளம் குறைவு. ஆனால் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20-ஆம் தேதி 3பி என்று ஓடும் நெருக்கடி அங்கேதான் பழகும். மாதிரிக் கணக்கு அதைத் தராது. மூன்று மாதம் கிடைத்தால் விடாதீர்கள். அங்குள்ள கிளையண்ட் கணக்கை மட்டும், பெயரை அழித்துவிட்டுக்கூட, இன்டர்வியூவுக்குக் கொண்டு போகாதீர்கள். எதிரே இருப்பவர் அடுத்து நினைப்பது தன் கணக்கும் இப்படித்தான் வெளியே போகுமா என்பது.