குண்டு எழுத்து போர்டுக்கு எது செட் ஆகும்: பலூ தம்பியா, காயினியா, கேட்டமரனா?

ப்ளே ஸ்கூல், பல் டாக்டர், கேக் கடை, ஐஸ்கிரீம் கடை, இவங்க போர்டுக்கு எல்லாரும் கேக்கறது ஒன்னுதான், எழுத்து கொழுகொழுன்னு, மூலையெல்லாம் மழுங்கி, பாத்தாலே சிரிக்கிற மாதிரி இருக்கணும். கூகுள் ஃபான்ட்ஸ் வெப்சைட்ல ஃப்ரீயா கிடைக்கிற எழுத்துரு (ஃபான்ட்)ல இதுக்கு நான் எடுக்கறது பலூ தம்பி இல்லன்னா காயினி. கேட்டமரனையும் சிலர் இதோட சேத்துடறாங்க, அது நல்ல ஃபான்ட்தான், ஆனா ஓரமெல்லாம் நேரா வெட்டின மாதிரி, அது வேற ரகம்.

இங்கிலீஷ்ல மூலைய மழுக்கினாலே எழுத்து சாஃப்டா ஆயிடும். தமிழ்ல ண, ஞ, ஐ எல்லாம் ஏற்கனவே சுழிச்சிகினுதான் இருக்கு, அங்க புதுசா உருட்ட ஒன்னும் இல்ல, வித்தியாசம் தெரியறது ட, ப, ம, ய மாதிரி மூலை இருக்கிற எழுத்துலதான். அதே நேரம் தடிமன் ஏத்த ஏத்த சுழிக்குள்ள இருக்கிற ஓட்டை அடைச்சிக்கும். அதனால ஃபான்ட் பாக்கறப்ப "அம்மா"ன்னு அடிச்சு பாத்து ஏமாறாதீங்க, "கண்ணாடி", "அண்ணாச்சி", "இணைப்பு" அடிச்சு பாருங்க, அங்கதான் சாயம் வெளுக்கும்.

காயினி செம குண்டு, பாக்க குஷியா இருக்கும், ஆனா ஒரே ஒரு தடிமன்தான். கடை பேர் ரெண்டு வார்த்தைன்னா சூப்பர், கீழ அட்ரஸ், டைமிங் எல்லாம் அதுலயே போட்டா அடையடையா நிக்கும்.

பலூ தம்பி மும்பையில இருக்கிற எக் டைப்ங்கிற ஃபான்ட் கம்பெனி ஆளுங்க பண்ணது. முதல்ல இதுவும் ஒரே தடிமன்தான், அப்புறம் வந்த பலூ தம்பி 2-ல ரெகுலர்ல இருந்து எக்ஸ்ட்ரா போல்ட் வரைக்கும் அஞ்சு இருக்கு. என் ஓட்டு இதுக்குத்தான், காரணம் அழகு இல்ல, நம்ம ஊரு வேலூர். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்ல நடந்து பாருங்க, வைத்தியத்துக்கு மேற்கு வங்கத்துல இருந்தும் ஆந்திராவுல இருந்தும் வர்றவங்களுக்காக லாட்ஜ், மெஸ், மெடிக்கல் போர்டுல தமிழ், இங்கிலீஷ் கூட பெங்காலி, தெலுங்கு, இந்தின்னு இருக்கும், ஒவ்வொன்னும் ஒவ்வொரு ஃபான்ட்ல, அஞ்சு கடை போர்டை வெட்டி ஒட்டின மாதிரி. பலூ குடும்பத்துல பெங்காலிக்கு பலூ டா, தெலுங்குக்கு பலூ தம்முடு, இந்திக்கு வெறும் பலூ, எல்லாமே ஒரே உடம்புவாகு. காயினியில தமிழும் இங்கிலீஷும்தான்.

கேட்டமரன் 100-ல இருந்து 900 வரைக்கும் ஒன்பது தடிமன், அதனால தலைப்பு பலூ, கீழ போன் நம்பர், ரேட் லிஸ்ட் கேட்டமரன்னு போட்டா நல்லா ஒத்து போகுது. பேரு ரொம்ப நீளம், போர்டு ஒல்லின்னா குண்டு எழுத்தையே விட்டுடுங்க, அதே எக் டைப்போட அனெக் தமிழ்ல எழுத்தோட அகலத்தையே குறைக்கலாம்.

ஒன்னு மட்டும், இதெல்லாம் யூனிகோட் ஃபான்ட், அதாவது போன்லயும் கம்ப்யூட்டர்லயும் இப்ப பொதுவா ஓடற எழுத்து முறை. நிறைய ஃப்ளெக்ஸ் கடையில இன்னும் பாமினி மாதிரி யூனிகோட் இல்லாத பழைய ஃபான்ட்லதான் அடிக்கிறாங்க, நீங்க ஃபைலை அப்படியே குடுத்தா எழுத்து கோணல்மாணலா வரலாம், கொம்பு எடம் மாறி நிக்கலாம். எழுத்தை கர்வ்ஸா, அதாவது வெறும் படக் கோடா மாத்தி பிடிஎஃப்பா குடுத்துடுங்க, அப்படி மாத்தறதுக்கு முன்னாடியே ஸ்பெல்லிங்கை பாத்துக்கோங்க, அப்புறம் திருத்த முடியாது.