முள் பச்சையில் நிற்கிறது, தலைவர் ஜெயிப்பாரா? ஒரு தேர்தல் கணிப்பு செயலியோடு ஒரு வருடம்

ஸ்டார் போடச் சொன்னால் 5க்கு 2 போடுவேன், அதிலும் ஒன்றரை ஸ்டார் உள்ளே ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கும் தொகுதிக் கணக்குப் பக்கத்துக்கு மட்டும். செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த ரகத்தில் இருக்கிற பலவற்றுக்கும் இதே வியாதிதான், ஒன்றை மட்டும் பிடித்து அடிப்பானேன். கட்டணச் சேவை, ஒரு வருட சந்தா, பல நாட்டுத் தேர்தல்கள் இருக்கும். திறந்தவுடன் ஸ்பீடாமீட்டர் மாதிரி ஒரு அரைவட்டம் வரும், இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, நடுவில் ஒரு முள். மேலே ஒரே கேள்வி: எதிர்க்கட்சித் தலைவர் அடுத்த தேர்தலில் ஜெயிப்பாரா? முள் பச்சையில் இருந்தால் ஜெயிப்பார். அவ்வளவுதான்.

முதல் மாதம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எழுந்ததும் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது ஸ்கோர் பார்ப்பது மாதிரி பழகிவிட்டது. புதிதாக ஒரு கருத்துக்கணிப்பு வந்தால் போதும், நடுராத்திரி என்றுகூடப் பார்க்காமல் நோட்டிபிகேஷன் வரும், முள் ஒரு கோடு ஏறியது, ஒரு கோடு இறங்கியது என்று. ஆயிரம் பேரிடம் கேட்டு எடுக்கிற கணிப்பில் 3 சதவீதம் அப்படி இப்படி ஆடுவது சகஜம், அந்த ஆட்டத்தைத்தான் செய்தியாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது.

நான் சந்தா கட்டியது 2025 ஜனவரி தொடக்கத்தில், கனடா தேர்தலைப் பின்தொடர்வதற்காக. கன்சர்வேடிவ் தலைவர் பியர் பொய்லியேவ் அப்போது கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிக்கு மேல் முன்னிலையில் இருந்தார். லிபரல் கட்சி 2015 முதல் ஆட்சியில் இருந்த சலிப்பு, வீட்டு விலை, விலைவாசி, பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவின் முகத்தை டிவியில் பார்த்தாலே எரிச்சல் என்கிற நிலைமை. முள் பச்சையின் நுனியில் போய் முட்டிக்கொண்டு நின்றது, அதற்கு மேல் நகர இடமில்லை. அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். ஜனவரி 6 அன்று ட்ரூடோ விலகுவதாக அறிவித்தார், அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற டிரம்ப் வரி போட்டார், கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாகட்டும் என்ற பேச்சையும் விடவில்லை, மார்ச்சில் லிபரல் கட்சிக்கு மார்க் கார்னி தலைவரானார். ட்ரூடோவை விரட்டுவோம் என்று வருடக்கணக்கில் கட்டிய பிரசாரம் ட்ரூடோவே இல்லாத தேர்தலில் யாரை விரட்டுவது என்று தெரியாமல் முழித்தது. ஏப்ரல் 28 அன்று மறுபடியும் லிபரல்கள்தான். 2004 முதல் எம்.பி.யாக இருந்த பொய்லியேவ் தன் கார்ல்டன் தொகுதியிலேயே தோற்றார்.

முள் தப்பாகக் காட்டிவிட்டது என்று நான் புகார் சொல்லவில்லை, ஜனவரி முதல் வாரம் தேர்தல் நடந்திருந்தால் அவர் அள்ளிக்கொண்டு போயிருப்பார். ஆனால் கருத்துக்கணிப்பில் மக்களிடம் கேட்பது 'இன்று தேர்தல் நடந்தால் யாருக்கு ஓட்டு' என்று, செயலி முகப்பில் எழுதியிருப்பது 'அடுத்த தேர்தலில் ஜெயிப்பாரா' என்று. ஒரு கேள்விக்கு வாங்கிய பதிலை இன்னொரு கேள்விக்குக் கீழே ஒட்டி விற்கிறார்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கு விழுவதாகச் சொல்லப்படும் ஓட்டில் எவ்வளவு அவருக்காக விழுகிறது, எவ்வளவு ஆள்பவர் மேல் உள்ள கோபத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் ஆளுங்கட்சி தலைவரை மாற்றினால் முதலில் கரைவது அந்தக் கோப ஓட்டு. இதைக் காட்டுகிற ஒரு எண் கூட முகப்பில் கிடையாது.

எனக்கு உண்மையில் கடுப்பேறியது தேர்தல் முடிந்த பிறகு. பழைய வரைபடத்தைத் திறந்தால், ஜனவரியில் நுனியில் நின்ற முள், நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் வரைதான் போயிருந்ததாகக் காட்டுகிறது! போனில் ஸ்கிரீன்ஷாட் இருந்தது, இல்லையென்றால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்திருக்கும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து, கணக்கிடும் முறையை மேம்படுத்திவிட்டோம், பழைய தேதிகளுக்கும் அதையே பொருத்தியிருக்கிறோம் என்று பதில். பரீட்சை முடிந்து விடைத்தாளைத் திரும்ப வாங்கித் திருத்தி எழுதிவிட்டு மார்க் கேட்கிற கதை. அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு வேறு, 'எங்கள் கணிப்புகளின் வரலாறு'.

இந்த விஷயத்தில் பந்தயக் கம்பெனிகளே தேவலை, தப்பினால் அவர்கள் கைக்காசு போகும். 2019இல் ஆஸ்திரேலியாவில் லேபர் கட்சித் தலைவர் பில் ஷார்ட்டன் ஜெயிப்பது உறுதி என்று நம்பி, ஸ்போர்ட்ஸ்பெட் கம்பெனி தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பே லேபர் மேல் பந்தயம் கட்டியவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. ஜெயித்தது அப்போதைய பிரதமர் ஸ்காட் மோரிசன். அந்தத் தேர்தலில் இன்னொரு வேடிக்கை, கடைசிக் கட்டக் கருத்துக்கணிப்புகள் எல்லாம் லேபருக்கு 51, 52 என்று அச்சடித்த மாதிரி ஒரே எண்ணைச் சொல்லின. இத்தனை கணிப்புகள் இவ்வளவு ஒற்றுமையாக வருவது தற்செயலாக நடக்க லட்சத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை என்று நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பிரையன் ஷ்மிட் பிறகு எழுதினார். நம் செயலியிலோ கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் 'நம்பகத்தன்மை: அதிகம்' என்று ஒரு பச்சை முத்திரை குத்துவார்கள். எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய இடத்தில் முத்திரை.

சரி, அந்த ஒன்றரை ஸ்டார். மெனுவில் நான்கு தட்டு தட்டினால் தொகுதிக் கணக்கு என்று ஒரு பக்கம் வரும். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பட்டை, விரலால் இழுத்து ஓட்டு சதவீதத்தை மாற்றினால் எத்தனை இடம் என்று கீழே மாறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் ஜெரமி கார்பின் தலைமையில் லேபர் 40 சதவீத ஓட்டு வாங்கி 262 இடத்தோடு எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்தது. 2024இல் கியர் ஸ்டார்மர் 33.7 சதவீதத்தில் 411 இடம் எடுத்துப் பிரதமரானார். ஓட்டு எண்ணிக்கையில் பார்த்தால் 2019இல் படுதோல்வி அடைந்த கார்பினைவிட இவருக்குக் குறைவு! என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் லேபர் பட்டையைத் தொடவே வேண்டாம், கன்சர்வேடிவ் ஓட்டைப் பிரித்து இன்னொரு வலதுசாரிக் கட்சியான ரிஃபார்முக்கு 14 சதவீதம் கொடுத்துப் பாருங்கள், லேபர் இடங்கள் கிடுகிடுவென்று ஏறும்.

கனடாவில் இது தலைகீழ். பொய்லியேவ் 2025இல் வாங்கியது 41 சதவீதத்துக்கும் மேல். 2011இல் கன்சர்வேடிவ் பிரதமர் ஹார்ப்பரும் 2015இல் ட்ரூடோவும் 40 சதவீதத்தைத் தொடாமலே தனிப்பெரும்பான்மை எடுத்தவர்கள். இவருக்கு 41 போதவில்லை, ஏனென்றால் மூன்றாவது கட்சியான புதிய ஜனநாயகக் கட்சியின் ஓட்டு 2021இல் கிட்டத்தட்ட 18 சதவீதமாக இருந்தது 6 சதவீதத்துக்கு விழுந்தது, அதில் பெரும்பகுதி லிபரலிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு பட்டையை 18இலிருந்து 6க்கு இழுத்துப் பார்த்தபோதுதான், ஆறு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்த முள்ளில் மூன்றாவது கட்சி என்ற ஒன்றே இல்லை என்று உறைத்தது. இந்தப் பக்கத்தை முகப்பில் வைத்திருந்தால் 4 ஸ்டார் கொடுத்திருப்பேன்.

போகிற போக்கில் இன்னொரு சந்தேகம். 'ஜெயிப்பாரா' என்றால் கட்சி ஜெயிப்பதா, தலைவர் பதவியில் உட்காருவதா? இந்தியாவில் 2004இல் ஆண்டுகொண்டிருந்த பாஜகவுக்கு 138 இடம், காங்கிரசுக்கு 145, எதிர்க்கட்சித் தலைவர் சோனியா காந்தி, பிரதமர் ஆனதோ மன்மோகன் சிங். பச்சையா சிவப்பா? இதையும் சேர்த்துக் கேட்டேன், அதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

யாருக்கு ஆகும் என்றால், கருத்துக்கணிப்புகளை ஒரே இடத்தில் தேதியோடு பார்க்க வேண்டும், தொகுதிக் கணக்கோடு விளையாட வேண்டும் என்பவர்களுக்குப் பரவாயில்லை. தன் தலைவர் ஜெயிப்பாரா என்ற பதற்றத்தில் இருப்பவர்கள் வாங்காதீர்கள், தூக்கம் போகும். வாங்கியே தீருவேன் என்றால் முதல் வேலையாக நோட்டிபிகேஷனை அணையுங்கள், அப்புறம் வாரம் ஒருமுறை முகப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

போன வாரம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது, கூடவே வேறொரு நாட்டு எதிர்க்கட்சித் தலைவரின் படமும் அரைவட்டமும், முள் பச்சை நுனியில். தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. படத்தைச் சேமித்து வைத்துவிட்டு சந்தாவை ரத்து செய்துவிட்டேன்.