விலா எலும்பு, மார்பெலும்பு ஒப்பீட்டு மாதிரிகள்: புறா சிறப்பு, தவளை பிழை

எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்துக்கு வாங்கிய இத்தொகுப்பில் தவளை, ஆமை, பாம்பு, புறா, முயல் ஆகியவற்றின் எலும்புக்கூடுகள் ரெசினில் வார்க்கப்பட்டு, மரப்பலகைகளில் பொருத்தப்பட்டுள்ளன. விலா எலும்பும் மார்பெலும்பும் விலங்குக்கு விலங்கு எவ்வாறு வேறுபடுகின்றன என்று காட்டவே தயாரிக்கப்பட்டவை என்பதால், அந்த நோக்கத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்கிறேன்.

இவற்றுள் சிறந்தது புறா. மார்பெலும்பின் நடுவே எழும் கீல் (keel) என்னும் எலும்பு முகடு, படகின் அடிக்கட்டையைப் போல ஆழமாக அமைந்துள்ளது. இறக்கையைக் கீழே அடிக்கும் பெரிய தசையும், அதற்கு அடியில் இருந்துகொண்டே இறக்கையை மேலே தூக்கும் தசையும் இந்த ஒரே எலும்பிலிருந்து தொடங்குவதை இதைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கிவிடலாம். தூக்கும் தசையின் நாண் புகுந்து செல்லும் தோள் துளைகூட அடைபடாமல் இருக்கிறது. ஒரு விலா எலும்பிலிருந்து கிளம்பி அடுத்ததன் மேல் படியும் அன்சினேட் நீட்சிகள் மெல்லியவை. அவையும் உடையாமல் வந்து சேர்ந்தன.

ஆமையும் மோசமில்லை. விலா எலும்புகள் அகன்று முதுகோட்டோடு ஒன்றாகிவிட்டதையும், மற்ற விலங்குகளில் விலாக்கூட்டுக்கு வெளியே கிடக்கும் தோள்பட்டை எலும்பு இங்கே உள்ளே இருப்பதையும் திறந்து பார்க்க முடிகிறது. ஆனால் உடன் வரும் விளக்கத்தாள் வயிற்றுப்பக்க ஓடான அடியோட்டை மார்பெலும்பு என்கிறது. ஆமைக்கு மார்பெலும்பே கிடையாது; அந்த ஓடு காறை எலும்புகளும் வயிற்று விலாக்களும் சேர்ந்து உருவானது. பாம்பில் விலாக்களின் முனைகள் எதிலும் இணையாமல் நிற்பது சரியாகவே காட்டப்பட்டுள்ளது.

தவளையை மட்டும் மன்னிக்க இயலவில்லை. நம் பாடநூல்களில் வரும் ரானா வகைத் தவளைக்குத் தனி விலா எலும்புகள் இல்லை; அதனால்தான் அது வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கி நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுகிறது. இம்மாதிரியிலோ முள்ளெலும்புகளின் பக்க நீட்சிகளை நீட்டி, கீழ்நோக்கி வளைத்து, விலாக்கள் போலவே ஆக்கியிருக்கிறார்கள். ஒப்பீட்டின் ஆணிவேரையே இது அறுத்துவிடுகிறது. இதைப் பார்த்துப் படம் வரையும் மாணவருக்கு மதிப்பெண் குறைப்பதா, மாதிரிக்குக் குறைப்பதா?

முயலில் முதல் 7 சோடி விலாக்கள் மார்பெலும்பைத் தொடுவது சரி. எனினும் குருத்தெலும்புக்கும் எலும்புக்கும் ஒரே வெள்ளை நிறம் பூசியிருப்பதால் அவை சேரும் இடம் தெரியவில்லை. சற்று நீல வண்ணம் வாங்கி நாமே பூசிக்கொள்ள வேண்டியதுதான். தனித்தனியாகவும் விற்கிறார்கள் என்பதால் புறாவையும் ஆமையையும் தயங்காமல் வாங்கலாம். தவளைக்கு ஆய்வக அலமாரியிலுள்ள பழைய உண்மையான எலும்புக்கூடே போதும்.