மெமரி சிப்புக்கு ஹீட்சிங்க்: காப்பரா அலுமினியமா என்று கேட்டால் எனக்கு டேப் ஞாபகம்தான் வருகிறது

"மாப்ள, மெமரிக்கு ஒட்டுற ஹீட்சிங்க் காப்பர்ல வாங்கவா, அலுமினியத்துல வாங்கவா?" என்று நண்பன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான். ஹீட்சிங்க் என்றால் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் குட்டி உலோகத் துண்டு. அவனிடம் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்ற கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதன் ஃபேன் செத்துப்போனதால் கம்பெனி கூலரைக் கழற்றிவிட்டு, பிராக்கெட் வைத்து ஒரு வாட்டர் கூலரை மாட்டியிருக்கிறான். அது ஜிபியுவை, அதாவது கார்டின் முக்கியச் சிப்பை, மட்டும் பார்த்துக்கொள்ளும். சுற்றியுள்ள மெமரி சிப்புகள் மேல் ஒன்றுமே இல்லை. இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் நிறைய சேர்ந்துவிட்டது.

என் கார்டு ஆர்டிஎக்ஸ் 3090. கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை எடுக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் முடிந்து, பழைய கார்டுகளின் விலை சரிந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 24 ஜிபி, 350 வாட், எல்லாம் தெரிந்த கதைதான். தெரிந்திருந்தும் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது, அந்த 24 ஜிபி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. 1 ஜிபி சிப்புகள் 24. அதில் 12 முன்பக்கம், பெரிய கூலருக்கு அடியில். மீதி 12 போர்டின் முதுகில், பேக்பிளேட் என்ற பின்பக்க உலோகத் தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவில். இதில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி சும்மாவே சூடாகிற ரகம், 110 டிகிரியைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை ஃபேன் இல்லாத பக்கத்தில் டஜன் கணக்கில் வைத்தால் என்ன ஆகும்? சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் ராத்திரி முழுக்க ஏஐ மொழி மாடலை வீட்டுக் கணினியிலேயே ஓட்டினால் ஜிபியு 65 டிகிரியில் நிம்மதியாக இருக்கும், மெமரி 106, 108 என்று காட்டும். ஃபேனோ ஜிபியு சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும். கேம் ஆடும்போது இது அவ்வளவு தெரியாது. மெமரியை இடைவிடாமல் படிக்கிற வேலைகளில்தான் வண்டவாளம் வெளியே வரும்.

சரி, ஹீட்சிங்க் விஷயத்துக்கு வருகிறேன். பேக்பிளேட் மேலே சின்னச் சின்ன ஹீட்சிங்க்குகளை ஒட்டுவதுதான் முதலில் எல்லாரும் செய்வது. நானும் காப்பரில் ஒரு செட், அலுமினியத்தில் ஒரு செட் வாங்கி இரண்டையும் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் ஒன்றோ இரண்டோ டிகிரி. அதுகூட அன்றைக்கு அறை எவ்வளவு சூடு என்பதில் கரைந்துபோகிற அளவு. காப்பர் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டிக்காரன் என்பது உண்மைதான், ஆனால் விரல் நுனி அளவு உலோகத்துக்குள் சூடு பயணம் செய்கிற தூரமே சில மில்லிமீட்டர், அங்கே எந்த உலோகமும் தடையாக இருப்பதில்லை. தடை இருப்பது இரண்டு இடத்தில்: கீழே ஒட்டுகிற பொருளில், மேலே காற்றில். காப்பரின் எடை மட்டும் நிச்சயம். அதே அளவுக்கு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம். ஏற்கெனவே தொங்குகிற கார்டுக்கு அது வேறு.

காற்றுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14 மி.மீ. சதுர ஹீட்சிங்க்கின் எல்லாக் குச்சிகளையும் சேர்த்தாலும் பரப்பு 15 சதுர செ.மீ. பக்கத்தில்தான் வரும். காற்று அசையாமல் நின்றால் அந்தப் பரப்பு 3 வாட்டை வெளியே தள்ள, பேப்பரில் உலோகத்துக்கும் காற்றுக்கும் 200 டிகிரி வித்தியாசம் கேட்கிறது. நல்லவேளையாக சிப்பின் சூட்டில் ஒரு பங்கு அடிவழியே போர்டுக்குள் இறங்கிவிடுகிறது, இல்லாவிட்டால் ஹீட்சிங்க் ஒட்டியும் சிப் வெந்துபோகும். ஒரு சின்ன ஃபேன் நேராக அடித்தால் அந்த வித்தியாசம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஆகவே காப்பரா அலுமினியமா என்ற கேள்விக்குப் பதில், "ஃபேன்". இதைச் சொன்னால் யாரும் சந்தோஷப்படுவதில்லை. மினுமினுக்கும் செம்பு படத்தில் அழகாக இருக்கிறதல்லவா.

இப்போது டேப். பாக்கெட்டோடு வரும் அந்த நீல நிறத்தாள் ஒட்டிய டேப்பைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்லப்போவதில்லை. மேல்தாளை உரிக்கும்போதே பாதி டேப் அதோடு வந்துவிடும். நகத்தால் பிரித்து, நீவி, ஒரு வழியாக ஒட்டினால் மழைக்காலம் வரைக்கும் இருக்கும். அடுத்த கோடையில் கேபினட்டைத் திறந்து பார்த்தால் ஹீட்சிங்க் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும், பின்னால் பசை இழுபட்ட தடம் பளபளவென்று தெரியும். எனக்கு அது பேக்பிளேட் மேலே இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. சாதாரண டவர் கேபினட்டில் கார்டின் முதுகு வானத்தைப் பார்த்து இருக்கும், அங்கே வைத்தது எங்கேயும் விழாது. நண்பனின் கதை வேறு. அவனுடைய 11 சிப்பும் போர்டின் முன்பக்கத்தில், அதாவது தரையைப் பார்த்துத் தொங்கும் பக்கத்தில் இருக்கின்றன. (11 தான். 12 சிப்புக்கு இடம் விட்டு ஒன்றைக் காலியாக வைத்த கார்டு அது. விற்பவனோ எட்டு எட்டாகப் பாக்கெட் போடுகிறான்.) அங்கே டேப் விட்டால் உலோகத் துண்டு கீழே இருக்கும் கார்டின் மேலோ மதர்போர்டின் மேலோ விழும், கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது. காப்பர் என்றால் இன்னும் கனம், இன்னும் சீக்கிரம்.

எந்த டேப் நல்லது? 3எம் 8810 மாதிரி தரம் எழுதி விற்கிற வெப்ப டேப்பைத் தனியாக வாங்குவது மேல். அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.6 வாட்தான், தடிமன் கால் மில்லிமீட்டர். 14-க்கு 12 மி.மீ. சிப்பின் மேல் அது ஒரு வாட்டுக்கு இரண்டரை டிகிரி தடை. அதன் வழியே 2 வாட் மேலே போகிறது என்று வைத்துக்கொண்டால் டேப்பிலேயே 5 டிகிரி போய்விடும். போகட்டும், விழாமல் இருப்பதற்கான கூலி அது. ஒட்டுவதற்கு முன்னால் சிப்பின் முகத்தை ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றிய துணியால் துடைப்பது முக்கியம், ஏனென்றால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்த வைக்கும் பழைய பேடிலிருந்து கசிந்த சிலிக்கோன் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும், அதன் மேல் எந்த டேப்பும் நிற்காது. துடைத்த பிறகு சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்து மங்கலில்லாமல் தெரிந்தால் சரி.

இரண்டு பொருளைக் கலந்து பூசும் வெப்பப் பசை நிரந்தரம். நிரந்தரம் என்றால் நிஜமாகவே நிரந்தரம். பிறகு கழற்றப் பார்த்தால் சிப் போர்டிலிருந்து பிய்ந்து கையோடு வரும். கார்டை விற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

என் கார்டில் உண்மையான மாற்றம் வந்தது பேடை மாற்றியதில். பேக்பிளேட்டைக் கழற்றினால் உள்ளே கம்பெனி வைத்த பேட் சாம்பல் நிறத்தில், காய்ந்த சந்தனம் மாதிரி தொட்ட இடத்தில் உதிர்ந்தது. அதில் சிப்பின் தடம் நாலைந்து இடத்தில்தான் பதிந்திருந்தது. மற்ற இடங்களில் பேடும் சிப்பும் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. இதன் மேல் எத்தனை ஹீட்சிங்க் ஒட்டினாலும் என்ன பிரயோஜனம்? கார்டைச் செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம், ஆனால் அந்த விலைக்கு விற்ற கார்டில் பேட் சிப்பைத் தொடுகிறதா என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பேட் வாங்கும்போது எல்லாரும் பெட்டியில் போட்டிருக்கும் 12, 15 என்ற கடத்துதிறன் எண்ணைப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, முதலில் தடிமன், அப்புறம் மென்மை, கடைசியில் அந்த எண். முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் தடித்தால் கூலர் ஜிபியுவின் மேல் சரியாக உட்காராது, மெமரி குளிர்ந்து ஜிபியு கொதிக்கும். மெலிந்தால் மெமரியைத் தொடாது. எண் பெரிதாக இருக்கும் பேடுகளில் பல கெட்டியானவை, அழுத்தினால் அமுங்காமல் போர்டை வளைக்கும். சரியான தடிமன் என்ன என்று கம்பெனி சொல்லாது. ஒரே மாடலிலேயே முன்பக்கம் ஒரு தடிமன், முதுகில் வேறு தடிமன் இருக்கும். பழைய பேடின் அமுங்காத ஓரத்தை வெர்னியரில் அளந்து ஊகிக்க வேண்டியதுதான். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் நான் தெர்மல் புட்டிக்குப் போனேன். பிசைந்த மாவு போல் உருட்டி ஒவ்வொரு சிப் மேலும் வைத்து ஸ்க்ரூவை முறுக்கினால் இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்கு அதுவே அமுங்கிக்கொள்ளும். 108 இருந்த இடத்தில் 95 ஆனது. ஒரு ஹீட்சிங்க்கூடச் சேர்க்காமல்.

அதற்குப் பிறகுதான் ஹீட்சிங்க்குக்கு வேலையே வந்தது. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் வேலைக்கு விற்கும் கறுப்பு அலுமினியக் கட்டையில் பேக்பிளேட் அகலத்துக்கு ஒன்றை அறுத்துத் தரச் சொன்னேன். அறுத்த ஓரத்தின் பிசிறை வீட்டுக்கு வெளியே வைத்து உப்புத்தாளில் தேய்த்து, கழுவி, காயவைத்து, அடியில் ஒட்டாத பேட் ஒன்றைப் போட்டு அப்படியே மேலே வைத்துவிட்டேன். டேப் கிடையாது, பசை கிடையாது, அதன் எடையே அதைப் பிடித்துக்கொள்கிறது. அதன் மேல் ஒரு 120 மி.மீ. ஃபேன், 900 சுற்றில். இப்போது அதே அறை, அதே வேலை, மெமரி 85-ஐத் தாண்டுவதில்லை.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. சத்தம் குறைந்தது. முன்பெல்லாம் மெமரிக்குப் பயந்து கார்டின் ஃபேன்களை 85 சதவீதத்தில் பூட்டி வைத்திருப்பேன், பக்கத்து அறையில் தூங்குபவர்கள் திட்டுவார்கள். இப்போது கார்டின் ஃபேன் அதன் போக்கில் மெதுவாகச் சுற்றுகிறது, மேலே இருக்கும் பெரிய ஃபேன் ஓடுகிறதா என்று கையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். மாதத்துக்கொரு முறை கட்டையின் இடுக்கில் சேரும் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுகிறேன், பராமரிப்பு அவ்வளவுதான். ஒரு ஸ்லாட் இடம் போய்விடும், கட்டையின் உயரம் சிபியு கூலரில் இடிக்கும், அதை மட்டும் முன்னாடியே அளந்துகொள்ளுங்கள்.

நண்பனுக்கு இந்தக் கட்டை வைத்தியம் உதவாது, அவனுடைய சிப்புகள் மறுபக்கம். அவனுக்கு என் யோசனை: 6 முதல் 8 மி.மீ. உயரமுள்ள சாதாரண அலுமினியம், நல்ல டேப், பிராக்கெட்டில் இருக்கும் ஃபேனை எடுத்துவிடாமல் மெமரியை நோக்கியே அடிக்க விடுவது. 1080 டிஐ-யில் பெரும்பாலும் மெமரி சூட்டை மென்பொருள் காட்டாது, அதனால் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் போர்டின் பின்பக்கம் சிப்புக்கு நேராகக் காட்டிப் பார்க்கச் சொன்னேன். பளபளக்கும் ஹீட்சிங்க் மேல் காட்டினால் பொய் சொல்லும். எதையும் வாங்குவதற்கு முன்னால் மெமரி கிளாக்கை, அதாவது மெமரி ஓடும் வேகத்தை, மென்பொருளில் கொஞ்சம் இறக்கிப் பார்க்கவும் சொன்னேன். காசு செலவில்லாத வழி அதுதான், என் கார்டில் 500 மெகாஹெர்ட்ஸ் இறக்கினாலே நாலைந்து டிகிரி இறங்கும், வேகத்தில் இழப்பு பெரிதாகத் தெரியாது. "அதெல்லாம் சரி, காப்பர் பாக்க நல்லாருக்கே" என்றான். வாங்கிக்கொள்ளட்டும்.

இப்போது கேட்பீர்கள், இவ்வளவு நன்றாக ஓடுகிறதே, அப்போ இந்தக் கார்டை வாங்கலாமா? புட்டிக்கு ஐந்துக்கு ஐந்து. அறுத்த அலுமினியக் கட்டைக்கு ஐந்துக்கு ஐந்து. பாக்கெட் ஹீட்சிங்க்குக்கு ஒன்று, அதுவும் உலோகத்துக்கு, டேப்புக்குப் பூஜ்யம். கார்டுக்கு இரண்டுதான் தருவேன், யார் என்ன சொன்னாலும். 2022-இல் வந்த 3090 டிஐ-யில் 2 ஜிபி சிப்புகளாக 12-ஐயும் முன்பக்கமே வைத்துவிட்டார்கள், முதுகில் ஒன்றுமில்லை, பிரச்சினையே இல்லை. அதாவது என் மேஜையில் இருக்கும் இந்த அலுமினியக் கட்டையும் ஃபேனும், 3090 வந்த 2020-இல் 2 ஜிபி சிப் கைக்கு வராததால் நான் செய்யும் கூலியில்லாத வேலை. கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசு இருந்தால் டிஐ-யையே பாருங்கள். 450 வாட், அதற்குத் தகுந்த பவர் சப்ளை வேண்டும், அதன் புலம்பலை வேறு யாராவது எழுதட்டும்.