நோட்டா, தாளா, மிட்டாயா: மதுரைப் பக்கம் எது செல்லும்?

உசிலம்பட்டியில் மச்சானின் மளிகைக் கடைக்கு ஒரு பலகை எழுத வேண்டியிருந்தது. கிழிந்தது, எண்ணெய் குடித்தது, நடுவில் டேப் ஒட்டியது என்று கல்லாவில் சேர்ந்துகொண்டே போனதில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "கிழிஞ்ச நோட்டு வாங்குறதில்லைன்னு எழுது மாப்ள" என்றார். காலேஜில் தமிழ் படிக்கும் அக்கா மகன் விடவில்லை. நோட்டு இங்கிலீஷ் வார்த்தையாம், 'சிதைந்த பணத்தாள்கள் ஏற்கப்படா' என்றுதான் எழுத வேண்டுமாம்.

பணத்தைச் செல்லும், செல்லாது என்கிறோம் இல்லையா, அதே கணக்கை வார்த்தைக்கும் வைத்துப் பார்த்தேன். நீட்டினால் எதிராளி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறாரா?

நோட்டு செல்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காதைக் கொடுத்தால் ஒன்று பிடிபடும்: பணம் ஒழுங்காக இருக்கும்வரை யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை. "ஐநூறாத்தான் இருக்கு", "ரெண்டு நூறா குடுங்கண்ணே", அவ்வளவுதான். ஏதாவது விசேஷமோ வில்லங்கமோ இருந்தால்தான் நோட்டு வருகிறது. கிழிந்த நோட்டு, கள்ள நோட்டு, சலவை நோட்டு. (ஒரு தடவைகூடத் துவைக்காததற்குச் சலவை நோட்டு என்று பெயர், அதையும் சொல்லிவிடுகிறேன்.) 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்ததைப் பத்திரிகைகள் பணமதிப்பிழப்பு என்று எழுதின, ஜனங்கள் இன்றைக்கும் "நோட்டு செல்லாமப் போனப்ப" என்றுதான் தேதி சொல்கிறார்கள்.

தாள் என்ற சொல் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது. ரூபாய்த் தாள் என்று எழுதினால் புரியும், படிக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சலவைத் தாள், கள்ளத் தாள் என்று சொல்லிப் பாருங்கள், பரீட்சை ஹாலில் யாரோ மாட்டிக்கொண்ட மாதிரி இல்லை? பணத்தாள் கட்டுரைக்குப் போதும், கல்லாவுக்கு வராது. இலங்கையில் நாணயத்தாள் என்கிறார்கள், அங்கே அது நன்றாகவே புழங்குகிறது. இங்கே நாணயம் என்றால் உலோகக் காசு, இல்லையென்றால் ஆளின் நேர்மை, அதோடு தாளைச் சேர்த்தால் குழப்பம்தான். ரிசர்வ் வங்கி இந்த வம்புக்கே போகவில்லை. நோட்டின் பின்பக்கம் 15 மொழிகளில் தொகையை மட்டும் அச்சடித்திருக்கிறது, தமிழில் 'நூறு ரூபாய்', முடிந்தது.

சரி, வார்த்தை இருக்கட்டும். நோட்டுக்குப் பதிலாகக் கைக்கு வருபவை எப்படி?

மிட்டாய் இருப்பதிலேயே மோசம். ஒரு ரூபாய் சில்லறைக்குக் கடைக்காரர் மிட்டாய் தருவார், நாலு சேர்த்துவைத்து நாலு ரூபாய்க்கு அவரிடமே நீட்டினால் சிரிப்பார். தந்தவரே திருப்பி வாங்காதது எப்படிச் செல்லும்? மச்சான் கடையிலும் இதே கதைதான், அக்காவுக்காகச் சும்மா இருக்கிறேன்.

பஸ் டிக்கெட்டின் முதுகில் கண்டக்டர் பேனாவால் எழுதித் தரும் பாக்கி அதைவிட ஒரு படி மேல். '13' என்று கிறுக்கிய அந்தத் துண்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் பணம் தருவார், அதுவும் நாம் இறங்கும்வரைதான். மாட்டுத்தாவணியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, பஸ் போன பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பத்து ரூபாய்க் காசு இதற்கு நேர்மாறு. சட்டப்படி அசல் பணம். காசின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் தெளிவாகச் சொன்ன பிறகும் "அது போகாதுண்ணே" என்று கையை மடக்கிக்கொண்ட கடைகளைப் பார்த்தவன் நான். அதே கடையில் ஸ்கேன் பண்ணினால் பத்து ரூபாயைப் பெட்டி தெருவுக்கே கேட்கச் சொல்கிறது, கண்ணால் பார்க்காத அந்தப் பத்தை வாங்கிக்கொள்கிறார்கள். எந்த ஆப் வைத்திருந்தாலும் வாயில் வருவது "ஜிபே பண்ணிடுறேன்"தான். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை, டவர் இருக்கும்வரை.

என் ஓட்டு ஆனால் மொய் நோட்டுக்கு. அதுவும் நோட்டுதான், பாருங்கள்! எங்கள் பக்கம் செய்முறை என்போம். காதுகுத்தோ கல்யாணமோ, வாசலில் ஒருவர் பெயரும் ஊரும் தொகையும் எழுதிக்கொண்டே இருப்பார், ஐநூற்றியொன்று, ஆயிரத்தியொன்று. அந்த ஒரு ரூபாய்க்காகவே காசு ஒட்டிய கவர் விற்கிறார்கள். நீங்கள் செய்தது உங்கள் வீட்டு விசேஷத்தில் கூடச் சேர்ந்து திரும்பி வரும், பத்து வருஷம் கழித்தும் வரும், வராவிட்டால் வீடு தேடிப் போய்க் கேட்பதும் உண்டு. ஒரே ஒரு பயம்: ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நோட்டு கிழிந்து பெரிய துண்டு பாதி இருந்தாலும் வங்கியில் பாதி மதிப்பு கிடைக்கும், மொய் நோட்டைக் கரையான் தின்றால் கால்வாசிகூடத் தேறாது. அதனால்தான் அக்கா அதை நகையோடு பீரோவில் வைத்திருக்கிறாள்.

பலகையில் கடைசியில் மச்சான் சொன்னதைத்தான் எழுதினேன், மருமகன் இரண்டு நாள் பேசவில்லை. மாட்டிய மறுநாள் காலையிலேயே ஒரு பெரியவர் வந்து கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு, குறுக்கே டேப் ஒட்டிய ஐம்பதை நீட்டினார். மச்சான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார். நான் பலகையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"போன வருசம் நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு ரெண்டாயிரத்தியொண்ணு செஞ்சவரு மாப்ள."